எண்ணங்களை வேட்டையாடியவர்



குசினியில் அரிசி களைந்துகொண்டு நிற்கும்போது திடீரென ஓர் எண்ணம் தோன்றி மறைந்ததுண்டா? பக்கத்து வீட்டாரோடு போன கிழமை ஏற்பட்ட மனத்தாங்கலுக்கு உண்மையான காரணம் என்ன, மூத்த பிள்ளை ஏன் சில நாட்களாக வாய் திறக்காமல் இருக்கிறான், மௌத்தாகிப்போன மாமியார் எப்போதோ சொன்ன ஒரு வார்த்தைக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று ஏதோ ஒன்று சட்டென விளங்கிவிடும். "ஆ, இதுதானா!" என்று நினைப்பதற்குள் பால் பொங்கிவிடும். சின்னவள் அழத் தொடங்கிவிடுவாள். அடுப்பை அணைத்து, பிள்ளையைத் தூக்கி, சமாதானப்படுத்தி, திரும்பவும் அதே இடத்தில் வந்து நின்றால் அந்த எண்ணம் இருந்த சுவடே இருக்காது. என்னமோ நல்ல விடயமாக இருந்ததே என்ற ஏக்கம் மாத்திரம் மிஞ்சும்.

இந்தக் கஷ்டம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. எண்ணூறு வருடங்களுக்கு முன்னர் பக்தாத் நகரில் வாழ்ந்த ஒரு பேரறிஞருக்கும் இதே முறைப்பாடு இருந்தது. ஒரு விடயம் மனதில் பட்டு, வேறு வேலையில் கவனம் போனதால் அதைப் பதியாமல் விட்டு, பின்னர் எத்தனையோ தடவை கைசேதப்பட்டதாக அவரே எழுதுகிறார். அந்தக் கைசேதத்தில் பிறந்த நூல்தான் 'ஸைதுல் காதிர்'. 'ஸைத்' என்றால் வேட்டை. 'காதிர்' என்றால் மனதில் ஓடும் எண்ணம். காட்டில் ஒரு மான் கண்ணில் பட்டு ஓடிவிடுவதைப் போல எண்ணமும் ஓடிவிடும். பிடித்துக் கட்டிவைக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. அறிவை எழுத்தினால் கட்டிப்போடச் சொல்லும் பழைய அறிவுரையையும் நூலின் முகப்பில் அவர் நினைவூட்டுகிறார்.

அவர்தான் இமாம் அபுல் பரஜ் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்). ஹிஜ்ரி 510 அளவில், அதாவது கி.பி. 1116 அளவில், பக்தாதில் பிறந்து ஹிஜ்ரி 597 இல் (கி.பி. 1201) அங்கேயே வபாத்தானவர். தப்ஸீர், ஹதீஸ், வரலாறு, உபதேசம் என்று நூற்றுக்கணக்கான நூல்களை எழுதியவர். 'ஸாதுல் மஸீர்' என்ற தப்ஸீரும் 'அல்முன்தழம்' என்ற வரலாற்று நூலும் அவருடையவை. அறிவாளிகளின் கதைகளைத் திரட்டி ஒரு நூல் எழுதினார். மடையர்களின் கதைகளைத் திரட்டி இன்னொன்றும் எழுதினார். மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அவருக்கு அவ்வளவு ஆசை.

ஆனால் ஸைதுல் காதிர் அவருடைய மற்ற நூல்களைப் போன்றதல்ல. அதற்கு ஒழுங்கான பாடத் தலைப்புக்கள் கிடையாது. 300 இற்கும் மேற்பட்ட சிறு சிறு பகுதிகள். ஒன்று அரைப் பக்கம், மற்றது மூன்று பக்கம். இன்று மனித மனத்தைப் பற்றி எழுதுவார், அடுத்ததில் சாப்பாட்டைப் பற்றி, அதற்கடுத்ததில் மரணத்தைப் பற்றி. சொன்னதையே திருப்பியும் சொல்வார். எங்கள் அறபுக் கல்லூரியில் இதை எங்களுக்கு அறிமுகம் செய்த உஸ்தாத், "இது கிதாபு அல்ல, ஒரு மனுசனுடைய நெஞ்சு" என்று சொல்வார்.

இந்த மனிதரை யார் உருவாக்கியது என்பதை நீங்கள் அறிய வேண்டும். அவருக்குச் சுமார் மூன்று வயதாக இருக்கும்போது வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மாவின் கவனிப்பும் தனக்குக் கிடைக்கவில்லை என்று அவரே மனம்விட்டு எழுதியிருக்கிறார். செம்பு வியாபாரம் செய்த குடும்பம். அந்த யதீம் பிள்ளையை எடுத்து வளர்த்தவர் அவருடைய மாமி, வாப்பாவின் சகோதரி. பிள்ளைக்கு விளக்கம் வந்ததும், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், ஹதீஸ் கலையில் பேர்போன அபுல் பழ்ல் இப்னு நாஸிர் என்பவரின் பள்ளிவாசலில் ஒப்படைத்தவரும் அந்த மாமிதான். அவரைப் பற்றி வரலாற்று நூல்களில் இதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. மருமகனைச் செம்புக் கடைக்கு அனுப்பாமல் பள்ளிவாசலுக்கு அனுப்பினார் என்ற ஒரு வரி மாத்திரம் இருக்கிறது. அந்த வரியிலிருந்துதான் இவ்வளவு நூல்களும் வந்தன.

பெண்களிடமும் அவர் படித்தார். அக்காலத்து பக்தாதில் ஷுஹ்தா என்றொரு பெண்மணி இருந்தார். கையெழுத்தின் அழகினால் 'அல்காதிபா', எழுதுபவர், என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து ஹிஜ்ரி 574 இல் (கி.பி. 1178) வபாத்தானார். அவரிடம் ஹதீஸ் கேட்கப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இப்னுல் ஜவ்ஸீயும் அவரிடம் ஓதியவர்.

இவ்விடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஸைதுல் காதிரில் பெண்களைப் பற்றி வரும் சில பகுதிகள் அக்காலத்து ஆண்களுக்காக ஓர் ஆண் எழுதியவை. வகுப்பில் அந்தப் பக்கங்கள் வரும்போது என் மாணவிகளின் முகத்தைப் பார்ப்பேன். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். பெரியவர்களின் நூல் என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டும் என்று நான் சொல்வதில்லை.

சரி, அவர் வேட்டையாடியவற்றுள் சிலதைப் பார்ப்போம்.

நூலின் ஆரம்பத்திலேயே வருவது உபதேசம் கேட்பவரின் மனத்தைப் பற்றிய சிந்தனை. பயான் கேட்கும்போது மனம் உருகுகிறது, கண் கலங்குகிறது. மஜ்லிஸை விட்டு எழுந்து வெளியே போனதும் பழைய கல் மனம் திரும்பிவிடுகிறது. இது ஏன்? இந்தக் கேள்வியை எழுப்பியவர் சாதாரண ஆளல்ல என்பதைக் கவனியுங்கள். பக்தாதின் மிகப் பெரிய வாஇழ், உபதேசகர், அவர்தான். அவருடைய மஜ்லிஸுக்குக் கலீபாவே திரை மறைவில் வந்து அமர்ந்து கேட்டதுண்டு. ஆயிரக்கணக்கான மக்கள் அழுவதைக் கண்ணால் கண்டவர், அந்த அழுகை வாசலோடு நின்றுவிடுவதையும் கண்டார். அதற்காக அவர் மக்களை ஏசவில்லை. காரணம் தேடினார்.

இரண்டு காரணங்களைச் சொல்கிறார். உபதேசம் சவுக்கடி போன்றது. படும் நேரத்தில் இருக்கும் வலி பின்னர் அதே அளவில் இருப்பதில்லை. மற்றது, கேட்டுக்கொண்டிருக்கும்போது மனிதன் உலகக் கவலைகளைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். வீட்டுக்குத் திரும்பியதும் அந்தக் கவலைகள் அவனைப் பிடித்து இழுக்கின்றன. அப்போது பயானில் இருந்த ஆள் அவன் எப்படி இருப்பான் என்று கேட்கிறார். பிறகு மனிதர்களைத் தரம் பிரிக்கிறார். சிலர் எந்தத் தயக்கமும் இல்லாமல் நல்லதில் உறுதியாகிவிடுவார்கள். சிலரை உபதேசம் ஒரு பக்கமும் மறதி மறுபக்கமும் இழுக்கும். சிலரிலோ அது வழுக்குப் பாறையில் உருட்டிவிட்ட தண்ணீரைப் போலப் போய்விடும்.

இதைப் படித்த காலம் முதல் எனக்குள் ஒரு மாற்றம். பெண்களுக்கான பயான் முடிந்து வாசலில் செருப்புத் தேடும் போதே, "உங்கட மகளுக்குப் பேச்சு வந்ததாமே, என்ன குடுக்கிறீங்களாம்?" என்ற கதை தொடங்கிவிடுவதைக் கேட்டு முன்பெல்லாம் எனக்குள் ஒரு கோபம் வரும். இப்போது அவ்வளவு கோபம் வருவதில்லை. அவருக்கு வீட்டில் மூன்று குமருகள் இருக்கக்கூடும். ஒரு மணி நேரம் இறக்கி வைத்த சுமையைத்தான் அவர் திரும்பத் தூக்குகிறார்.

சுமை என்றதும் அந்நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஞாபகம் வருகிறது. ஒரு நாள் வழியில் இரண்டு கூலியாட்கள் பாரமான மரக்குற்றி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவதை இமாம் காண்கிறார். இருவரும் மாறி மாறிப் பாடிக்கொண்டு போகிறார்கள். ஒருவர் பாட, மற்றவர் காது கொடுத்துக் கேட்டு, அதையே திருப்பிச் சொல்கிறார் அல்லது அதற்குப் பதில் பாடுகிறார். நம்மில் பலர் அதைக் கேட்டுவிட்டுப் போயிருப்போம். இமாம் அதில் நின்றுவிட்டார். இவர்கள் பாடாவிட்டால் பாரம் அதே பாரந்தானே, பின்னர் பாட்டு என்ன செய்கிறது? அவருக்கு விளங்கியது இதுதான்: மனம் வேறொன்றில் ஈடுபட்டு, மற்றவருக்குப் பதில் தேடும்போது பாரத்தை மறக்கிறது, அப்படியே வழியும் கழிந்துவிடுகிறது. மனிதன் சுமக்கும் கடமைகளும் பொறுமையும் இப்படிப்பட்ட பாரங்கள்தான், நப்ஸை ஆறுதல் சொல்லிச் சொல்லித்தான் கூட்டிச் செல்ல வேண்டும் என்று அவருடைய சிந்தனை போகிறது.

அதே இடத்தில் பிஷ்ருல் ஹாபீ (ரஹ்) அவர்களின் ஒரு சம்பவத்தையும் சொல்கிறார். பிஷ்ரோடு பயணம் போன ஒருவருக்குத் தாகம். இந்தக் கிணற்றில் குடிப்போமா என்று கேட்கிறார். அடுத்த கிணறு வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் பிஷ்ர். அங்கே போனதும் இன்னும் அடுத்தது என்கிறார். இப்படியே பல கிணறுகள் கடந்த பிறகு, உலக வாழ்க்கையும் இவ்விதமே கடந்து முடிகிறது என்று விளக்குகிறார்.

மகள் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் ஒரு வயதான தாயை எனக்குத் தெரியும். "இந்தப் பெருநாளோட வந்திருவா" என்று பிள்ளைகளுக்குச் சொல்வார். பெருநாள் போகும். "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு" என்பார். ஒரு காலத்தில் இது பிள்ளைகளை ஏமாற்றுவதல்லவா என்று நினைத்தேன். அந்தக் கிணறுகளின் கதையைப் படித்த பின்னர் அப்படி நினைக்க முடியவில்லை. ஆனாலும் ஒன்று. பிஷ்ரோடு போனவர் வளர்ந்த ஆண். தாகம் என்ன என்பது அவருக்குத் தெரியும். பிள்ளைக்கு எத்தனை கிணறுகள் வரைக்கும் சொல்லலாம்? இமாம் இதற்குப் பதில் எழுதவில்லை. அந்தத் தாயிடம் கேட்டால் தெரியும்.

நேரத்தைப் பற்றி அவர் எழுதியது பிரபலமானது. மௌலவிமார் அடிக்கடி சொல்வார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். வேலையில்லாமல் வந்து மணிக்கணக்காகக் கதைத்துக்கொண்டிருப்பவர்களால் அவர் சங்கடப்பட்டார். திருப்பி அனுப்பினால் உறவு முறியும். உட்காரவைத்தால் நேரம் போகும். ஆகவே காகிதம் வெட்டுவது, எழுதுகோல் சீவுவது, ஏடுகளைக் கட்டுவது போன்ற மூளைக்கு வேலையில்லாத கருமங்களை அந்த நேரத்துக்கென்றே ஒதுக்கி வைத்துக்கொண்டார். முருங்கை இலை ஆய்ந்துகொண்டே விருந்தாளியோடு கதைக்கும் எங்கள் பெண்களுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை!

எழுதுவதைப் பற்றி அவர் சொல்வது சற்று ஆறுதலாகக் கேட்க வேண்டியது. வாயால் படித்துக் கொடுப்பதை விட எழுதுவதின் பலன் பெரிது என்பது அவர் கருத்து. ஆயுளில் நேரில் கண்டு பேசக்கூடிய மாணவர்கள் கொஞ்சப் பேர்தான். எழுத்தினாலோ இன்னும் பிறக்காத எண்ணற்ற மக்களோடு பேசலாம். அவர் இதை எழுதிய வேளையில் நீங்களும் நானும் அந்தப் 'பிறக்காதவர்'களில்தானே இருந்தோம்? ஆனால் எழுதுகிற எல்லோரும் நூலாசிரியர்கள் அல்லர் என்றும் எச்சரிக்கிறார். அங்குமிங்கும் பொறுக்கிச் சேர்ப்பதை அவர் பெரிதாக எண்ணவில்லை. சிதறியதை ஒழுங்காக்குவதும், சுருங்கியதை விரிப்பதும், ஒருவர் உள்ளத்தில் அல்லாஹ் திறந்து கொடுக்கும் புதிய விளக்கமும் இருக்க வேண்டும். அதற்கும் ஒரு பருவம் உண்டு என்கிறார். இளமை தேடிப் படிக்கும் காலம், முதுமையில் புலன்கள் களைத்துவிடும், ஆகவே நடுவயதைப் பயன்படுத்த வேண்டும். நாற்பதைத் தாண்டிய எனக்கு இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் தொண்டையில் ஏதோ சிக்குகிறது.

சும்மா உட்கார்ந்திருந்தால் புதிய எண்ணம் வரும் என்று அவர் நினைத்தவரும் அல்லர். நிழாமிய்யா மத்ரஸாவுக்கு வக்பு செய்யப்பட்ட நூல்களின் பட்டியலைப் பார்த்தார்; அதில் மாத்திரம் சுமார் 6,000 தொகுதிகள். தான் வாசித்தவை 20,000 தொகுதிகளுக்கு அதிகம் என்று சொன்னாலும் பிழையில்லை, இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறேன் என்று எழுதினார். இளவயதில் காய்ந்த ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஹதீஸ் தேடிப் போவார். ஈஸா ஆற்றங்கரையில் உட்கார்ந்து, ஒரு கவளத்துக்கு ஒரு மிடறு தண்ணீர் குடித்துத்தான் அது தொண்டையில் இறங்குமாம். அந்தக் கஷ்டங்கள் தேனை விட இனித்ததாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இந்நூலில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. இளமையில் தனிமை வணக்கத்தில் கிடைத்த இனிமை, ஆட்சியாளர்களோடு பழகி, வசதிகளை அனுபவிக்கத் தொடங்கியதும் தன்னை விட்டுப் போய்விட்டதாக வெட்கப்படாமல் எழுதுகிறார். பல்லாயிரம் பேர் அழும் மஜ்லிஸில் அமர்ந்திருக்கும்போது, இவர்கள் எல்லோரும் ஈடேற்றம் பெற்று நான் மட்டும் அழிந்துவிட்டால் என்னாவது என்ற பயம் அவருக்கு வருகிறது. நாளை நீ என்னைத் தண்டிப்பதாக இருந்தால் அதை இவர்களுக்குத் தெரியாமல் வைத்துவிடு என்று துஆ செய்கிறார். தனது மானத்துக்காக அல்ல. அல்லாஹ்வின் பக்கம் வழிகாட்டியவரையே அல்லாஹ் தண்டித்துவிட்டான் என்று மக்கள் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக.

அவருடைய கடைசிக் காலம் இலகுவாக இருக்கவில்லை. ஹிஜ்ரி 590 இல், எண்பது வயதளவில், எதிரிகளின் முறைப்பாட்டினால் பக்தாதிலிருந்து வாஸித் நகரத்துக்கு நாடு கடத்தப்பட்டு ஒரு வீட்டில் ஐந்து வருடங்கள் அடைத்துவைக்கப்பட்டார். அங்கே தனது உடுப்பைத் தானே கழுவி, தானே சமைத்து, கிணற்றில் தண்ணீரும் தானே அள்ளினார். அவர் அங்கிருந்த வேளையில் மூத்த மகன்களுள் ஒருவர் வாப்பாவின் நூல்களைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். படிப்பில் அசட்டையாக இருக்கிறாரே என்று கவலைப்பட்டு, 'லப்ததுல் கபித்' என்ற உருக்கமான உபதேசக் கடிதத்தை அவர் எழுதியதும் அந்த மகனுக்குத்தான். மகன்களில் இளையவரான யூஸுபின் முயற்சியினால் ஹிஜ்ரி 595 இல் விடுதலை கிடைத்தது. பிள்ளைகளால் மனம் நொந்திருக்கும் தாய்மார் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளட்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன். அறபுக் கல்லூரியில் இருந்த காலத்தில் இந்த நூலுக்கு நான் எழுதிய குறிப்புக்கள் நான்கு சீ.ஆர். கொப்பிகள். மருதமுனையில் கடற்கரைப் பக்கமாக எங்கள் வீடு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் வந்து போனபோது, உயிர்கள் போன ஊரில் கொப்பியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு உம்மாதான் கேட்டார்: "மகன், அந்தக் கிதாபுல எழுதினதெல்லாம் ஞாபகம் இருக்கா?" இல்லை என்றேன். "அப்ப திரும்ப எழுதுங்க" என்றார். இரண்டு கொப்பிகள் வரைதான் எழுத முடிந்தது.

உம்மா தறியில் சாறன் நெய்தவர். தறியில் இருந்தபடியே மனிதர்களைப் பற்றி ஏதாவது சொல்வார். சின்னச் சின்ன வசனங்கள். கேட்டவர்கள் சிரித்துவிட்டு நெய்யத் தொடங்கிவிடுவார்கள். 2011 இல் அவர் வபாத்தான பிறகு நாங்கள் சகோதரங்கள் இருந்து கதைத்தபோது, உம்மா சொன்னவற்றில் ஒன்றைக்கூட இருவர் ஒரே மாதிரியாகச் சொல்லவில்லை. இப்னுல் ஜவ்ஸீயின் எண்ணங்களை மாணவர்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்த நான், பக்கத்தில் ஓடிய மான்களை ஒரு நாளும் பிடித்துக் கட்டவில்லை.

சில வருடங்களுக்கு முன்னர், நோன்பு வரப்போகிறது என்று வீடு கழுவும் நாட்களில், ராத்தாவின் மகள் ஒரு பழைய கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து தந்தாள். ராத்தாவின் வீடு கடலுக்குத் தூரம் என்பதால் தப்பியது. உம்மாவின் நூல் கணக்கு, அறபுத் தமிழில். யாருக்கு எவ்வளவு நூல், யார் எவ்வளவு பாக்கி. பிள்ளைக்கு அறபுத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். ஒரு பக்கத்தில் கணக்குகளுக்கு நடுவே இரண்டு வரிகள்: நூல் கடன் கேட்டு வாற ஆக்கள் உள்ளுக்கு வந்து இருக்காங்க, திருப்பித் தர வாற ஆக்கள் வாசல்லயே நிண்டுட்டுப் போறாங்க.

இன்னும் இருக்கிறதா என்று மருமகள் கேட்டாள். கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினோம். கணக்குத்தான். ஓரிடத்தில் மட்டும், "மழ நாளையில வாற ஆக்கள்" என்று எழுதி அப்படியே விடப்பட்டிருந்தது. யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும்.